ஐந்து அப்பமும் நாலு சிப்பமும்

அன்று அடுப்படியில் இருந்தவர்கள்: சமையல்காரனான நான். என் மனைவி. கோயில் நாட்டாண்மை. பங்குச் சாமியார். எதிரே தேர்மேல் மாதா. அவரைக் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லை, அவருக்குப் பசிக்காது.

வேடசந்தூர் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. நான் பழனிக்கு நடந்து போகிறவன். ஆனால் யார் அடுப்பு மூட்டச் சொன்னாலும் மூட்டுவேன். வருசா வருசம் அங்கே அன்னதானப் பிரியாணிக்கு ஆறு சிப்பம் அரிசி இறங்கும். இந்த முறை நாலுதான் இறங்கியது.

"என்ன நாட்டாமை, ரெண்டு கொறையுது?"

"ஆண்டவரு பாத்துக்குவாரு மாஸ்டர். போன ஞாயித்துக்கெழமை பிரசங்கம் நீங்க கேக்கலைல்ல?"

கேட்கவில்லை. சாமியாரே வந்து அந்த வேதக் கதையைச் சொன்னார். ஐந்து அப்பம், இரண்டு மீன். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு, பன்னிரண்டு கூடை மிச்சம். ஆனால் அப்பம் பெருகியது இல்லையாம் அற்புதம். அவனவன் துணியில் முடிந்து ஒளித்து வைத்திருந்ததை எடுத்து நடுவில் வைத்தானாம். "அதான் மாஸ்டர் இந்தக் காலத்துக்கு அர்த்தம். ஒளிச்சத எடுத்தா எல்லாருக்கும் பத்தும்."

எங்கள் பக்கம் அன்னதானத்துக்கு யாரும் எதையும் முடிந்துகொண்டு வரமாட்டார்கள். காலித் தூக்குவாளிதான் வரும். பந்தியில் உட்காரும் முன்பே, "வீட்டுல ஒரு ஆளு கெடக்கு" என்று வாளியை நீட்டுவார்கள். அது நிறைந்த பிறகுதான் இலை.

என் கவலை மில் பஸ். பகல் ஷிப்டு முடித்த பிள்ளைகள் மூன்று மணிக்கு மேல் வந்து இறங்கும். கடைசிப் பந்தி அவர்களுக்கு. என் மகளும் அதில்தான் வருவாள். காலையில் வெறும் டீயோடு போனவள்.

இரண்டாம் பந்தி எழுந்தபோது கரண்டி அண்டாவின் அடியில் இடித்தது. மனைவிக்கும் கேட்டது.

"ஏங்க, புள்ளைகளுக்கு?"

நாட்டாண்மையிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பருந்து இருந்தது.

சாமியார் மைக்கைப் பிடித்தார். அதே பிரசங்கம். கடைசியில், "வாளியத் தொறங்க. மில்லுப் புள்ளைக பசியோட வருதுக" என்றார். ஒருவரும் திறக்கவில்லை. மூடியை அழுத்திவிட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மா தன் வாளிமேல் உட்கார்ந்தே விட்டாள்.

பந்தல் ஓரத்திலிருந்து ஒரு பெருசு கத்தியது.

"சாமி! மத்தியானம் உங்க பங்களாவுக்கு அஞ்சடுக்குக் கேரியர் போச்சே, அது யாரு வகுத்துக்கு? மொதல்ல அதத் தொறங்க!"

பந்தலே சிரித்தது. சாமியார் மைக்கை வைத்துவிட்டு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கேரியரோடு திரும்பி வந்தார். ஒவ்வோர் அடுக்காக அண்டாவில் கவிழ்த்தார். நாலாவது அடுக்கில் தொடைக்கறி மட்டும். பந்தல் "ஓகோ!" என்றது.

பிறகு அந்தப் பெருசே வாளியோடு வந்தது. "இந்தாப்பு, என்னுதும் கெடக்கட்டும்." பின்னால் வரிசை நின்றது. வாளிமேல் உட்கார்ந்த அம்மா மட்டும் எழவில்லை. "எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கைய்யா." இருக்கட்டும் என்றேன்.

பஸ் வந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் மகள் இரண்டாம் தடவை கறி கேட்டாள். போட்டேன்.

வேதத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் எவனோ ஒருத்தன் ஓரத்தில் நின்று கத்தியிருப்பான். எழுதும்போது அவனை விட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாட்டாண்மை அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், மிச்சம் எம்புட்டு?"

பன்னிரண்டு கூடை என்று நான் சொல்லவேண்டும், அவருக்கு ஆசை. இன்னும் சாப்பிடாதது நான், மனைவி, அவர், சாமியார். அண்டாவைச் சாய்த்து அடிவரை சுரண்டினேன்.

மூன்று கரண்டி.