இதர

நடந்தது. நடந்ததுதான். சோபியா நர்ஸுக்குப் பொய் சொல்ல வராது. மாத அறிக்கையில்கூட உள்ளதை உள்ளபடி எழுதுவார். அதனால்தான் பதினெட்டு வருடமாக அதே பதவியில் நிற்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு நைட் டியூட்டி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கஜா புயல் அடித்த மறுநாள். ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். தென்னையெல்லாம் ரோட்டை மறித்துப் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஆம்புலன்ஸ் வர வழியில்லை. முகாமில் நானூறு பேர். துணை சுகாதார நிலையத்தின் கூரை பறந்து மருந்தெல்லாம் நனைந்துவிட்டது. சோபியாவிடம் மிஞ்சியது ஒரு கைப்பை. அதில் ஒரு கத்திரி, கொஞ்சம் நூல், ஒரு ஜோடி கையுறை.

வழி அடைபடுவதற்கு முன்பே ஒரு லாரியில் நாற்பது பிரசவப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. நாப்கின், பிளேடு, ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை எல்லாம் உள்ளே. முகாம் அதிகாரி நிலவழகனுக்கு மைக்கில் அந்தச் சொற்களைச் சொல்ல நாக்கு கூசியது. புயலை 'இயற்கை அன்னையின் சீற்றத் தாண்டவம்' என்று கூசாமல் சொன்ன அதே நாக்கு. ஆகவே பட்டியலில் அரிசி, பிஸ்கட், பாய், போர்வைக்குக் கீழே 'இதர' என்று எழுதினார். இதர என்றால் கடைசி. பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டி, பள்ளியின் சயின்ஸ் லேபில் அடுக்கி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாலை நாலு மணிக்கு மாண்புமிகு ஒருவர் பைக்கில் ஏறியாவது வந்து தம் பொற்கரங்களால் வழங்குவார்.

பவுசியாவின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இந்த நிகழ்ச்சி நிரலை யாரும் அனுப்பவில்லை.

1:50. பனிக்குடம் உடைந்தது. தலைப்பிரசவம். புருஷன் சவூதியில். மாமியார் ஹமீதா பானு ஏழாம் வகுப்பறையில் சேலையைத் திரையாகக் கட்டினார். சோபியா அதிகாரியிடம் ஓடினார்.

"சார், லேப் சாவி குடுங்க. ஒரு பெட்டி போதும்."

"நாப்பதுன்னு பத்திரிகைக்குச் சொல்லியாச்சும்மா. நாலு மணி வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

"யாருகிட்ட சார், புள்ளகிட்டயா?"

அவர் வரவேற்பு வளைவைப் பார்க்கப் போய்விட்டார்.

2:25. லேப் கதவு. சோபியா பூட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

உள்ளே ஏதோ அசைந்தது.

"நர்சம்மா..."

பெண் குரல். மூச்சு வாங்கியது.

"யாரு அது? எப்புடி உள்ள போன?"

"கத்திரி இருக்குங்களா? கொடி அறுக்கணும்..."

கதவுக்கடியில் இரண்டு விரல் சந்து. அதன் வழியே தண்ணீர் கசிந்து வந்து சோபியாவின் செருப்பை நனைத்தது. மழை நின்று ஒரு நாள் ஆகியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

"இரு தாயி, சாவி வாங்கிட்டு வாரேன். ஓம் பேரென்ன?"

"எம் பேர எழுதலைங்க..."

மறுபடி ஓட்டம். நிலவழகன் சிரித்தார். "உள்ள ஆளா? நானே பாத்துப் பூட்டுனேன். ராத்திரி தூங்கலையா நீங்க?"

அதற்குள் ஹமீதா பானு கத்தினார். "நர்சம்மா! தல தெரியுது!"

2:52. பெண் குழந்தை. அழுதது. இருந்த ஒரே கத்திரியால் தொப்புள்கொடியை அறுத்தார்.

ரத்தம் நிற்கவில்லை.

வயிற்றைப் பிசைந்தார். துணி மாற்றினார். மறுபடி துணி. பவுசியாவின் உதடு வெளுத்தது.

"மாமி... கண்ணு இருட்டுது."

பிசையும் இடத்தை ஹமீதா பானுவுக்குக் காட்டிவிட்டு எழுந்தார்.

3:04. லேப் கதவின் முன் மண்டியிட்டார். சாவி உள்ளவனிடம் கேட்டுப் பயனில்லை.

"தாயி... அங்க பெட்டி இருக்கும். ஒண்ணப் பிரி. பச்ச அட்டைல மாத்திரை. இங்கிட்டுத் தள்ளு..."

கதவில் காதை வைத்தார்.

ரிப்பன் உருவும் சத்தம். ஸ்ஸ்ஸ்...

சந்து வழியே ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த விரல்கள். நகக்கண்ணில் சேறு.

பச்சை அட்டை.

பிடுங்கிக்கொண்டார். விரல் பட்டது. ஜில்...

கை உள்ளே போகவில்லை.

மல்லாந்து விரிந்தது. காத்திருந்தது.

கத்திரி சோபியாவின் பையில்தான் இருந்தது.

எடுக்கவில்லை. ஓடினார்.

3:20. ரத்தம் நின்றது. பவுசியா கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

3:26. கத்திரியைக் கழுவி எடுத்துக்கொண்டு சோபியா திரும்பி வந்தார். கை இல்லை. ஈரம் இல்லை. தரை வெயிலில் காய்ந்து கிடந்தது.

"தாயி..."

கத்திரியைச் சந்து வழியே உள்ளே தள்ளினார். கல் தரையில் அது சறுக்கிப்போன சத்தம் கேட்டது.

எதிலும் முட்டி நின்ற சத்தம் கேட்கவில்லை.

நாலு மணி மாண்புமிகு ஐந்து பத்துக்கு வந்தார். கதவு திறந்தது. நாற்பது பெட்டி, நாற்பது ரிப்பன், எதுவும் அவிழவில்லை. ஜன்னலெல்லாம் கம்பி. ஆள் இல்லை. தரையில் புழுதி, அதில் நிலவழகனின் ஷூ தடம் மட்டும். கத்திரியும் இல்லை.

முதல் 'பயனாளி' பவுசியா. படம் எடுத்தார்கள். பிறகு சோபியா அந்தப் பெட்டியின் ரிப்பனைத் தன் கையாலேயே அவிழ்த்துப் பிரித்தார். எல்லாம் இருந்தது.

பச்சை அட்டை இல்லை.

இரண்டு மாதம் கழித்து, நனைந்த ஃபைல்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார் பள்ளி கிளார்க் அய்யாக்கண்ணு. எழுபத்தேழு புயலின்போதும் அதே பள்ளிக்கூடம்தான் முகாம். அந்த வருடத்துச் சேதப் பட்டியல் ஒன்று சோபியாவின் கண்ணில் பட்டது. கூரை 31. ஆடு 14. மாடு 6.

இதர 2.

"இதரன்னா என்னண்ணே?"

"புள்ளத்தாச்சி ஒருத்தி சிஸ்டர். எங்கய்யா அப்ப இங்க வாட்ச்மேன், அவரு சொல்லுவாரு. அன்னைக்கும் யாரோ பெரிய ஆளு வந்தாராம். சத்தம் கேக்கக் கூடாதுன்னு லேப்புல வச்சுப் பூட்டிட்டாங்க. ஒத்தையில பெத்துருக்கா. கொடி அறுக்க ஒண்ணும் இல்ல... தெறந்து பாத்தப்ப ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"பேரு?"

"யாரும் எழுதி வைக்கலியே."

காணாமல் போன கத்திரிக்கு மேலிடத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் சோபியா பதில் எழுதினார். உள்ளதை உள்ளபடி.

'கத்திரி, ஒன்று. வழங்கப்பட்டது. நாற்பத்தொரு வருடம் தாமதம்.'