கசங்கிய முனை

யுத்த காலத்தில் துணி கிடைக்காமல், பழஞ்சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு மாதமாக விரிப்பு ஒன்று தைத்தேன். என் தையல் கோணாது. மாமியார் பெட்டியின் அடியில் கிடந்த சேலையையும் கேட்காமல் வெட்டிச் சேர்த்தேன். அதில் ஒரு முனை மட்டும் கயிறாய் முறுகிக் கசங்கியிருந்தது. ஏனென்று புரியாமலே அதைக் குப்பையில் போட்டேன்.

விரிப்பைத் தடவிய மாமியார், "கசங்குன முனை எங்க, ஆத்தா?" என்றார்.

"குப்பையில போட்டேன் அயித்தை."

"நாலு புள்ளைக்குத் தூளி கட்டுன முடிச்சு அது. மிஞ்சுனது ஒம் புருசன் மட்டுந்தான். நல்லாத்தான் தேடி வீசியிருக்க, கெட்டிக்காரி."

குப்பையைக் கிளறி எடுத்து அலசி, விரிப்பின் தலைமாட்டில் வைத்துத் தைத்தேன். எவ்வளவு இழுத்தும் சுருக்கம் போகாமல் மேடாக நின்றது. மாமியார் அதன்மேல்தான் கன்னத்தை வைத்துப் படுத்தார். நான் கோணலாய்த் தைத்தது அது ஒன்றுதான். பிரித்துத் தைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.