கேப்டன் டால்பட்டைத் தேடிய வகையில்

செத்துப்போன ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக, உயிரோடு இருக்கிற அத்தனை பேருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே திரிகிற தொழிலுக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். பகலில் வேலை, வீட்டில் அடுப்பு, நடுவில் டாக்டர் பட்டம் என்று பதிவு செய்துவிட்டு முழி பிதுங்கி நிற்கும் சக தோழிகளே, தோழர்களே, நீங்கள் தனி ஆள் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அப்போது பொன்னேரியில் ஒரு பள்ளியில் சரித்திர டீச்சர். வீடு மீஞ்சூரில். மற்ற விவரங்கள் கீழே.

ராஜாக்கள் தீர்ந்த கதை

அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாத வெயிலில், என் வழிகாட்டிப் பேராசிரியர் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பல்லவர்கள்மேல் ஆசை. பல்லவர்களை ஏற்கெனவே ஒருவர் எடுத்திருந்தார். சோழர்களை மூன்று பேர் பங்கு போட்டிருந்தார்கள். விஜயநகரத்தை எடுத்தவர் பாதியில் பாங்கு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் பாத்தியதையை விடவில்லை. பேராசிரியர் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழவேற்காடு உங்க பக்கம்தானே?" என்று கேட்டார். பொன்னேரியிலிருந்து பஸ் இருக்கிறது என்றேன்.

அப்படித்தான் கேப்டன் ஹம்ப்ரி டால்பட் எனக்கு வாய்த்தார். ஆயிரத்து அறுநூறுகளின் ஆரம்பத்தில் மூன்று தடவை கீழ்த்திசைக் கடலுக்கு வந்த ஆங்கிலேயர். துணி வாங்குவதற்காக நம் கரையோரமாகவே சுற்றியவர். பழவேற்காட்டில் இறங்கி வியாபாரம் செய்தார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள் இறங்கவே விடவில்லை என்று வேறு சிலர் எழுதியிருந்தார்கள். இறங்கினாரா இல்லையா, அதுதான் என் ஆராய்ச்சி. "சின்ன ராஜாவா யாராவது மிச்சம் இருந்தாக்கூடப் பரவாயில்லை சார்" என்று இழுத்தேன்.

"ராஜா எல்லாம் தீர்ந்துபோச்சும்மா, கேப்டன்தான் ஸ்டாக்ல இருக்கார்."

தோற்றுக்கொண்டே இருந்த கேப்டன்

பள்ளி விடுமுறை நாளெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகம் என்றானது. கப்பல் பயணக் கதைகளைத் தொகுத்து எப்போதோ இங்கிலாந்தில் அச்சிட்ட ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கம் புரட்டினால் மூக்கில் தும்மல், விரலில் கறுப்பு. ஆனால் அதில் நம் கேப்டன் இருந்தார். பாவம், ஒவ்வொரு வரியிலும் தோற்றுக்கொண்டிருந்தார். மசூலிப்பட்டணத்தில் 'ஃபெயில்ட்'. அங்கிருந்து தெற்கே வந்து 'ஃபெயில்ட்'. நல்ல காற்று அடித்தபோதுகூட 'ஃபெயில்ட்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் துரதிர்ஷ்டசாலியாக இருப்பானா?

கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, அவருடைய தொடர் தோல்விகளுக்குக் காரணம் என்ன என்று ஓர் அத்தியாயமே எழுதினேன். துணி விலை, பருவக்காற்று, டச்சுக்காரர் சூழ்ச்சி, எதையும் விடவில்லை. பேராசிரியர் படித்துக்கொண்டே போனார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்து அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வருகிற 'எஸ்' எழுத்து, பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரியே இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் 'ஃபெயில்ட்' என்று படித்ததெல்லாம் 'செயில்ட்'.

"அவர் எங்கேயும் தோத்துப்போகலைம்மா, கப்பல்ல போய்க்கிட்டு இருந்திருக்கார்."

மீஞ்சூரில் பரவிய செய்தி

என் அம்மாவுக்கு ஆராய்ச்சி, ஆவணம் என்றெல்லாம் வாயில் நுழையாது. நான் எங்கே என்று யாராவது கேட்டால், "கேப்டன் விஷயமாப் பட்டணம் போயிருக்கா" என்பாள். எதிர் வீட்டு மங்களம் அக்கா ஒருநாள் கொஞ்சம் நெருங்கி விசாரித்திருக்கிறாள். எந்த ஊர் கேப்டன்? இங்கிலீஷ்காரர். கப்பலா? கப்பல்தான். வந்திருக்காரா? மூணு தடவை வந்திருக்காராம், இறங்கினாரா இல்லையான்னுதான் இவளுக்குக் கவலை. அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அதுதான் வினையாகிவிட்டது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கச் செய்தி முற்றி விளைந்துவிட்டது. டீச்சரை ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஏமாற்றிவிட்டானாம். மூன்று தடவை துறைமுகம் வரைக்கும் வந்துவிட்டுக் கீழேயே இறங்காமல் போய்விட்டானாம். ரயிலில் பெண்கள் பெட்டியில் என்னைக் கண்டால் இடம் விட்டு உட்காரச் சொன்னார்கள். முறுக்குக்காரம்மா காசு வாங்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், ரயில்வேயில் என் அப்பாவோடு வேலை பார்த்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய்த் தோளில் கை போட்டார்.

"பொண்ணு இஷ்டப்பட்டுச்சுன்னா நாம இன்னா நைனா பண்றது, ஆனா கப்பல்காரனை மட்டும் நம்பாதே, ஊருக்கு ஒரு ஊடு வச்சிருப்பான்."

கடம்பத்தூரிலிருந்து வந்தவர்கள்

இந்தச் செய்தி ரயிலேறிக் கடம்பத்தூர் வரைக்கும் போயிருந்தது. அங்கிருந்துதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நெல் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை திருவள்ளூரில் தாலுகா ஆபீஸ் கிளார்க். பஜ்ஜியைக் கையால்கூடத் தொடாமல், மாப்பிள்ளையின் அத்தை நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "யாரோ கேப்டனாமே?" அப்பா முகம் வெளுத்துவிட்டது. நான் உள்ளே போய், நூலகத்தில் இரவல் வாங்கியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, கப்பல் படம் போட்ட பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். இந்தக் கப்பலில் வந்த கேப்டன் வாழ்ந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன். அத்தை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செத்துட்டானா?" செத்துவிட்டார் என்றேன். "நல்லாத் தெரியுமா?" ஜாவாத் தீவில் காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தார், அங்கேயே புதைத்தார்கள் என்று ஆதாரத்தோடு சொன்னேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். "கல்யாணத்துக்கு அப்புறமும் எழும்பூர் போவீங்களா?" என்று கேட்டார். நான் பயந்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். "போவேன்" என்றேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சாயங்காலம் வந்து கதையை எனக்கும் சொல்லணும்" என்றார். அத்தை முதல் பஜ்ஜியைக் கையில் எடுத்தார்.

"செத்தவன்தானே, ஊட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போறான்."

பழவேற்காட்டில் ஒரு கேள்வி

கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் பொன்னேரிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பழவேற்காடு போனோம். ஏரியைப் படகில் தாண்டிக் கடலோரக் குப்பம் ஒன்றில் இறங்கி, கப்பல் எந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருக்கும், அங்கிருந்து கரை எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். இவர் கையில் குடை, என் கையில் வரைபடம். இந்த அடையாளம் போதாதா? நைலான் வலைக்குக் கடன் கொடுக்க வந்த ஆபீசர்கள் என்று நினைத்துக் குப்பமே கூடிவிட்டது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஆளாளுக்குப் பெயர் கொடுத்தார்கள். நான் வந்த காரியத்தைச் சொல்ல, சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

ஒரே ஒரு பெண் மட்டும் கலையவில்லை. கன்னியம்மா என்று பெயர். இடுப்பில் குழந்தை. அவள் புருஷன் கட்டுமரத்தில் போனவன், நடுவில் காற்று கிளம்பி, மூன்று வாரமாகத் திரும்பவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. என் கையிலிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காலத்துலயோ வந்தவனைத் தேடிக்கினு நீ இம்மாந்தூரம் வந்துட்ட டீச்சரம்மா, போன மாசம் போனவனைத் தேட யாரும்மா வருவாங்க?"

பஸ்ஸில் வந்தவர்

வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அன்று கடலைப் பார்க்கவே தோன்றவில்லை. மறுநாள் கன்னியம்மாவை அழைத்துக்கொண்டு மீன்துறை அலுவலகத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு மனு எழுதுவது கை வந்த கலை. ஆள் பெயர், கட்டுமரத்தின் அடையாளம், காற்று அடித்த திசை எல்லாம் போட்டு, தெலுங்குக் கரையிலும் விசாரிக்கக் கோரி எழுதினார். அதன் பிறகு எழும்பூருக்குப் போகவேண்டிய நாட்களில் அந்த அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர், அத்தியாயம் எங்கே என்று கார்டு மேல் கார்டு போட்டார். நான் பதிலே எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் கன்னியம்மா நின்றாள். பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஓர் ஆள். காற்று அவனை வடக்கே தள்ளிக்கொண்டுபோக, நெல்லூர்ப் பக்கத்து மீன்காரர்கள் கரை சேர்த்து வைத்தியம் பார்த்து, நடக்கத் தெம்பு வந்ததும் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். அதே வாரம் எங்கள் மனுவுக்குப் பதிலும் வந்தது: தேடல் தொடர்கிறதாம். தேடப்படுகிறவனையே எதிரில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போகும்போது கன்னியம்மா என் முகவாயைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

"என் ஊட்டுக்காரன் வந்துட்டான் டீச்சரம்மா, உன் கேப்டனும் வந்துடுவான், பேஜாராவாத."

வரவில்லை என்பதற்குச் சான்று

அவர் வரவில்லை. எழுபதுகள் பிறந்து, எனக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்து, தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு இன்னொரு கையால் எழுதிய பிறகு தெரிந்த முடிவு அதுதான். டச்சுக்காரர்களின் குறிப்பும், கேப்டனோடு வந்த மாலுமி ஒருவர் எழுதிய பயணக் கதையும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் குடிதண்ணீர் மட்டும் போயிருக்கிறது. கேப்டன் கப்பலைவிட்டு இறங்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு வடக்கே போய்விட்டார். இறங்கினார் என்று எழுதியவர்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. "ஒருத்தர் வரவே இல்லைன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம்?" என்று கேட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். ஆனால் பதில் எப்படியோ வந்துவிட்டது. "வந்தார்னு சொல்ல ஒரு காகிதம் கிடைச்சாப் போதும் சார். வரலைன்னு சொல்ல எல்லாத்தையும் படிச்சாகணும்." அவர் ஆய்வேட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, என் வழிகாட்டியின் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மாவுக்கு இன்னிக்கே கொடுத்துடுங்க, விட்டா அடுத்து யார் யார் வரலைன்னு ஆரம்பிச்சுடுவாங்க."

கும்மிடிப்பூண்டியில் ஒரு பாராட்டு விழா

டாக்டர் பட்டத்துக்கு முதல் மரியாதை கும்மிடிப்பூண்டியில் கிடைத்தது. புதுத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நைலான் கயிறு திரிக்கிற ஒரு கம்பெனியில் ஆயுத பூஜை விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கயிறு என்றால் கப்பல், கப்பல் என்றால் நான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மேனேஜருக்கு யார் என்ன சொன்னார்களோ, "பல ஆண்டுகள் கப்பல் கேப்டனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற டாக்டரம்மா" என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார். பயங்கரக் கைதட்டல். முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

திருத்துவதற்கு மனசு வராமல், பொதுவாகக் கதையைச் சொன்னேன். கோட்டையில் டச்சுக்காரன், கடலில் ஆங்கிலேயன், கரையில் துணி, நடுவில் அலை. இத்தனை தூரம் வந்தவர் நம் மண்ணில் கால் வைக்காமலே போய்விட்டாரே என்று குரலைத் தாழ்த்தி முடித்தேன். பொரி கடலைப் பொட்டலத்தோடு பின்னால் நின்றிருந்த ஒரு தொழிலாளி கையைத் தூக்கினார். சந்தேகமா என்று கேட்டேன்.

"எறங்காம போனதே நல்லதும்மா, எறங்கியிருந்தா அன்னிக்கே மூணு ஷிஃப்ட் போட்டிருப்பாங்க."

மொத்தத்தில், இன்னொருவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுதி முடிப்பதற்குள் நம்முடையதும் பாதி நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான், அடிக்குறிப்பில் போட இடமில்லாமல்போன என்னுடைய ஒரே கண்டுபிடிப்பு.