நார் என்றால் நெருப்பு

அன்று தென்காசி வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். என் மனைவி மலர், என் அப்பா, அப்புறம் காலை பத்து மணிக்கு வந்து புது ரவுட்டரை மாட்டிவிட்டு பத்தரைக்கே அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்ட லைன்மேன் இசக்கி. நான் மஸ்கட்டில், ஒரு லாண்டரியின் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் யாராவது கேட்டால் நானும் அங்கே இருந்தேன் என்றுதான் சொல்லுவேன். போன குற்றால சீசனிலிருந்து எங்கள் வீட்டு கேட்டுக்கு மேலே ஒரு கேமராவாக நான் இருந்து வருகிறேன்.

சிரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாவுக்கு வைக்கோலும் காய்கறியும் கொண்டு போனவர். இப்போது மறதி நோய். சாப்பிட்டது மறந்துபோகும், மலரின் பெயர் மறந்துபோகும், வழி மட்டும் மறக்காது. பயமே அதுதான். போன வருடம் சாரல் விழுந்த ஒரு காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தே போய்விட்டார். அருவியில் வெள்ளம், யாரும் குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்த நேரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குப் பத்தடியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாராம். யாரோ இழுத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பத்தடியை நான் பார்க்கவில்லை. பார்க்காததால்தானோ என்னவோ, கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

அதற்குப் பிறகு வைத்ததுதான் கேமரா. மலர் மதிய ஷிஃப்டுக்கு ஜவுளிக்கடைக்குப் போனால் அப்பா தனியாக இருப்பார். கேட்டைப் பூட்டினால் கம்பியில் அடித்தே கையைப் புண்ணாக்கிக்கொள்வார். அதனால் பூட்டுவதில்லை. அவர் கேட்டுப் பக்கம் வந்தால் இங்கே என் போன் கூப்பிடும். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அப்பா, உள்ள போங்க" என்பேன். கேமராவுக்குள் சின்ன ஸ்பீக்கர் உண்டு. "சரிலே" என்று திரும்பிவிடுவார். ஒருநாளும் மறுத்ததில்லை. பழைய நெட் லைன் பழுதாகி மூன்று நாளாகக் கேமரா கண்ணை மூடிக் கிடந்தது. மலர் மூன்று நாள் லீவு போட்டாள். நாலாம் நாளும் வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். இசக்கி ரவுட்டர் மாட்டிய அன்று நாலாம் நாள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட்.

அங்கே பன்னிரண்டு, இங்கே பத்தரை. மலர் கூப்பிட்டாள்.

"ஏங்க, நெட்டு வரல. செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது."

"கீழ என்ன எழுதிருக்கு?"

"எல். ஓ. எஸ்."

எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டினால் லாஸ் என்றுதான் வந்தது. எங்கள் லாண்டரி நோட்டில் தொலைந்த துணிக்கு நேராக எழுதுகிற வார்த்தை அது. எழுதினால் சம்பளத்தில் பிடித்தம். மிஷினே வாய்விட்டு லாஸ் என்று சொல்கிறது. சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடச் சொன்னேன். அவள் பத்து எண்ணுவதற்குள் நான் இருபது எண்ணியிருந்தேன். சிவப்பு. வயரையெல்லாம் அழுத்தச் சொன்னேன். சிவப்பு. பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கிறது, ஊக்கால் குத்தட்டுமா என்றாள்.

"ஏட்டி, குத்திராத! இருக்கதும் போயிரும்."

"இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். அவளுக்கும் பயம்தான். பயம் வந்தால் அவளுக்கு வாய் கூர்மையாகிவிடும்.

போனில் இருந்த நெட்டை வைத்து வீடியோவில் ரவுட்டரைக் காட்டினாள். விளக்கு வரிசைக்கு மேலே மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். "மாமாதான் வச்சாக. இசக்கி அண்ணாச்சி போனதும் கைகால் கழுவிட்டு வந்து வச்சாக. லைட்டுக்குப் பொட்டு வைக்காம வண்டிய எடுப்பாகளான்னு எனக்கு ஏச்சு வேற." அந்தக் கலவரத்திலும் எனக்கு உள்ளே இளகியது. இங்கே மஸ்கட்டில் புதுச் சாமானை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மின்சாரத்தில் சொருகிவிடுகிறார்கள். அதற்கு ஒரு வணக்கமும் கிடையாது. நான் வந்த புதிதில் மனசு கேட்காமல் புது இஸ்திரிப்பெட்டியின் மூக்கில் ஒரு துளிக் குங்குமம் வைத்தேன். அது ஒரு வெள்ளை திஷ்தாஷாவின், இந்த ஊர் ஆண்கள் போடும் நீள அங்கியின், நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. ரத்தம் என்று நினைத்து அந்த அங்கிக்குச் சொந்தக்காரர் என் விரலையெல்லாம் புரட்டிப் பார்த்தார். அதோடு விட்டேன். அப்பா விடவில்லை.

"இசக்கி அண்ணாச்சி, வயருக்குள்ள கண்ணாடி நாருதான் போகுது, பாத்துக்கோன்னு சொன்னாக. அந்த நாரு ஒடஞ்சிருக்குமோ?" என்றாள் மலர்.

"நாரா? நாருல என்ன? நாரு போச்சா?" பயத்தில் என் குரல் ஏறிவிட்டது. துணி வாங்க வந்து நின்ற ஓமானி முதியவர் திடுக்கிட்டார். "வேன் நார்? வேன் நார்?" என்று கேட்டுக்கொண்டே கதவோரம் இருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிவிட்டார். அரபியில் நார் என்றால் நெருப்பு, வேன் என்றால் எங்கே. பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன், அந்த நிமிடம் அது தோன்றவில்லை. "மாஃபி நார், பாபா," நெருப்பு இல்லை என்றேன். அவர் நம்பாமல் ஒவ்வொரு இஸ்திரிப்பெட்டியாகப் பார்த்தார். பிறகு என் முகத்தையும் கையிலிருந்த போனையும் பார்த்து, உன் வீட்டிலா நெருப்பு என்று சைகையில் கேட்டார். எனக்கு இருந்த குழப்பத்தில் என் துயரத்தையே பதிலாகச் சொன்னேன்: "பேத் மாஃபி நார்." வீட்டில் நார் இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். நானும் தலையாட்டினேன்.

மலர் போனை வைத்துவிட்டு இசக்கியைக் கூப்பிட்டாள். இலஞ்சியில் இருக்கிறேன், இதோ வருகிறேன் என்றாராம். அதைச் சொல்ல மறுபடி எனக்கு வீடியோ போட்டவள், பேச்சின் நடுவே திரும்பிப் பார்த்தாள்.

"மாமா எங்க?"

போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். அதன்பிறகு எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும். "மாமா! மாமா!" என்ற குரல் கேட்டைத் தாண்டித் தேய்ந்தது. குற்றாலம் போகிற வேன்களின் ஹாரன் கேட்டது. சீசன் நேரத்தில் அந்த ரோட்டில் யாரும் யாருக்கும் பிரேக் போடுவதில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேனா என்று பார்த்தேன். வைத்திருந்தேன். மறுபடி பார்த்தேன். நான் அனுப்பிய காசில் வாங்கிய மின்விசிறி அது, ஒரு இறக்கையின் ஓரம் வளைந்திருந்தது. அது சுற்றச் சுற்ற, பத்தடி, பத்தடி என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இங்கே என்னோடு அறையில் தங்கியிருக்கிற ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு மின்விசிறி இருக்கும் என்று நினைக்கிறேன், யாரும் பேசுவதில்லை.

ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஏம்மா மலரு, ஒம் மாமனாரு வளைவுல நின்னு கை காட்டுதாரு. குத்தாலத்துல லோடு எறக்கணுமாம். நான்தானே வண்டி ஓட்டுதேன், என்னைப் போயி கிளீனருங்காரு!" இசக்கியின் குரல்.

"பின்ன, நீ டிரைவராலே? கியரு மாத்தத் தெரியல ஒனக்கு." அப்பாவின் குரல். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

மலர் போனை எடுத்தபோது அவள் முகம் முழுக்க மழைத்தண்ணீர். இசக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரவுட்டரைத் திருப்பி, பின்னாலிருந்த பச்சைச் சொருகியை உருவினார். அதன் நுனியில் சந்தனம்.

"அண்ணாச்சி, இதக் கழட்டுனீயளா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"டீசல் டியூப்பு அடைச்சிருக்கான்னு ஊதிப் பாக்காம வண்டி எப்படிலே கெளம்பும்?"

பொட்டு வைத்த விரலாலேயே கழற்றி, ஊதி, பத்திரமாகத் திரும்பச் சொருகியிருக்கிறார். "முடி கனத்துலதான் வெளிச்சமே வருது. அதுல சந்தனக் காப்பு சாத்திட்டாரு" என்று இசக்கி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துச் சொருகினார். சிவப்பு அணைந்தது. பச்சை வந்தது. மலர் தலையைக்கூடத் துவட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். மறுபடி வந்ததற்கு நூற்றைம்பது ரூபாய் என்று இசக்கி கேட்டில் நின்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். இப்போதே போனில் அனுப்புகிறேன் என்றேன். "வேண்டாம்டே. ஊருக்கு வரும்போது கையில குடு. அப்பமாவது வாரியான்னு பாப்போம்."

சாயங்காலம் என் போன் கூப்பிட்டது. கேட்டில் அப்பா. ஃபிளாஸ்கில் மலர் வைத்துவிட்டுப் போன டீயை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். கேமராவுக்குக் கீழே மதில் மேல் அதை வைத்தார்.

"ஏலே, எத்தன நாளா இங்கனயே நிக்க? குடி, ஆறிரும்."

"குடிச்சாச்சுப்பா. நீங்க உள்ள போங்க."

டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியே இருக்கேலே" என்றார். உள்ளே போங்க என்று இன்னொரு தரம் சொன்னேன். "நீ வா, சேந்து போவோம்" என்று அங்கேயே நின்றார். முதல் தடவையாக மறுத்தார். சாரல் டீயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நனைவதைப் பார்த்தபடி, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், நான் நின்றேன். இருட்டும்போதுதான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாளைக்கும் உள்ளே போவாரா, தெரியவில்லை.

இசக்கிக்கு இன்னும் நூற்றைம்பது ரூபாய் தர வேண்டும்.