பேர் தெரியாமல் வந்த அகாவே

செடி விற்கிற தொழிலில் செடியை வளர்ப்பதுகூடச் சுலபம், அதன் பேரைச் சொல்வதுதான் கஷ்டம். நர்சரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். வாங்கிப் போய் வீட்டில் பூச்சட்டியோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கும் தெரியும். நானும் என் வீட்டுக்காரர் சேகரும் ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்து வீடு கட்டிய பக்கத்தில் கடை போட்டிருக்கிறோம். எத்தனையோ செடி வந்து போயிருக்கிறது. ஆனால் என்னைப் பைத்தியமாக அடித்தது ஒன்றுதான்.

லோரியில் வந்தது

தாப்பாவில் ஒருவர் கடையைக் காலி செய்தார் என்று சேகர் லோரி நிறையச் செடி ஏற்றி வந்தார். இறக்கும்போது ஓரத்தில் ஒரு விரிசல் விட்ட சட்டியைப் பார்த்தேன். நடுவில் ஒரு தாய்ச்செடி, சுற்றிலும் குட்டிகள், கல்யாண வீட்டுப் போட்டோ மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. வெளிர் பச்சை இலை, நீளமாக வெளிப்பக்கம் வளைந்து, நுனி சுருண்டு, பெரிய சிலந்தி மல்லாந்து கிடப்பதுபோல.

பார்த்தால் ஆனைக் கத்தாழை ஜாதி, அகாவே மாதிரி இருக்கிறது. ஆனால் அகாவே என்றால் நுனியில் ஊசி இருக்க வேண்டுமே! பயந்து பயந்து தொட்டேன். ஊசி இல்லை. இலையின் ஓரமாக விரலை ஓட்டினேன். முள் இல்லை, லேசான சொரசொரப்பு மட்டும். "ஏங்க, இங்க வாங்களேன், குத்தாத அகாவே!" என்று கத்தினேன். அவர் லோரியிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"குத்தவும் இல்ல, காய்க்கவும் இல்ல, அப்புறம் அது எதுக்குலா?"

முகத்துக்குப் பூச

புஷ்பா அக்கா எங்கள் பழைய வாடிக்கையாளர். போனில் அழகுக் குறிப்பு பார்ப்பவர். நான் வேறு ஒருவருக்கு உரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா என் செடியில் ஓர் இலையை ஒடித்துக் கன்னத்துக்குக் கொண்டுபோகிறார். "லிடா புவாயாதானே, நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார், கத்தாழையின் மலாய்ப் பேரைச் சொல்லி. பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். "அக்கா, இது சோத்துக் கத்தாழை இல்ல! அகாவே சாறு பட்டா பல பேருக்கு அரிச்சு எடுத்துடும்!"

நான் அவர் கையிலிருந்த இலையைப் பார்த்தேன். ஒடித்த இடத்தில் கொழகொழவென்று ஒன்றும் வழியவில்லை. நூல் நூலாக நார் தொங்கியது. அகாவேதான், சந்தேகமே இல்லை! "பாத்தீங்களா நாரு! பாத்தீங்களா!" என்று அங்கேயே குதித்தேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்தபடி சொன்னார்:

"என் மூஞ்சி வெந்து போயிருக்குமேன்னு நான் பதறிக்கிட்டு நிக்கிறேன், நீ நாரைப் பாத்து ஆடுற!"

கல்லுச் சோறு

குட்டிகளைப் பிரித்துக் கறுப்பு மண்ணில் நட்டேன். ஈப்போ மழை தெரியுமே, மதியம் தவறாமல் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் சில குட்டிகள் அடியில் மெத்தென்று ஆகி, நாற்றம் அடித்தன. அழுகையே வந்துவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் பிடுங்கி, அழுகினதை அறுத்து, நிழலில் காய வைத்தேன். முள்ளில்லாமல், கூட்டமாக வளர்கிற அகாவே எது என்று போனில் தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்று ஒத்துப்போனது. மெக்சிகோவில் சுண்ணாம்புக்கல் பாறை இடுக்கில் வளர்வதாம்.

சுண்ணாம்புக்கல்லா! நிமிர்ந்து பார்த்தேன். கடைக்குப் பின்னாலேயே மலை மலையாக நிற்கிறது! அன்றைக்கே சேகர் கல் சல்லி வாங்கி வந்தார். சல்லி நிறைய, மண் கொஞ்சம், மேலே மழை படாமல் கூரை. அப்போது டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வந்தார். சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், பாவமாக என்னைக் கேட்டார்:

"ஏம்மா, செடிக்குச் சோறு போடாம கல்லைப் போட்டு வச்சிருக்கியே, அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

மிச்சக் குட்டிகள் அத்தனையும் வேர் பிடித்தன. ஒன்றை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளையா, மஞ்சளா

பிறகு ஒருநாள் தாய்ச்செடி நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்பியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அகாவே ஒரே தடவை பூக்கும், பூத்தால் செத்துப்போகும், ஊருக்கே தெரியும். சேகர் ரம்பத்தோடு வந்துவிட்டார். "வெட்டிடுவோம்லா. தாயாவது பொழைக்கும்."

நான் குறுக்கே நின்றேன். என் சந்தேகம் சரி என்றால் இது போனில் ஒத்துப்போன சிலந்தி அகாவே, அகாவே பிராக்டியோசா. பூத்தாலும் சாகாத அபூர்வ ஜாதி. கிளை விடாமல், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, வெள்ளையாகப் பூக்க வேண்டும். மஞ்சளாகப் பூத்தால் நான் தோற்றேன், தாயும் போச்சு. தண்டு என் தோளைத் தாண்டி வளர்ந்தது. மொட்டு பச்சையாகவே இருந்தது.

ஒரு காலையில் கடையைத் திறந்தால், தண்டின் கீழ்ப்பக்கம் மொட்டு வெடித்திருக்கிறது. வெள்ளை! பால் மாதிரி வெள்ளை! நான் போட்ட சத்தத்தில் ரோட்டுக்கு எதிரே நின்ற புஷ்பா அக்கா ஓடியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னார்:

"எனக்கு இரட்டைப் புள்ள பொறந்தப்பகூட எங்க வீட்ல யாரும் இப்படிக் கத்தல!"

தண்டு காய்ந்த பிறகு

பூ உதிர்ந்தது, தண்டு காய்ந்தது. பேர் சரிதான், ஆனால் செடி பிழைக்குமா? தினமும் நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சேகரும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் காய்ந்த தண்டை அவர்தான் அறுத்தார். அறுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தண்டின் பக்கத்தில், இலைகளுக்கு நடுவே, வெளிர் பச்சையில் ஒரு புதுக் குருத்து, நுனி சுருண்டு. பிறகு அவர் எழுந்து பேர்ப்பலகையும் பெயிண்டும் எடுத்து வந்தார்.

"சரி, அந்தப் பேரை மெதுவா சொல்லு, நான் எழுதுறேன்."

ஒரு செடியின் பேரைக் கண்டுபிடித்த குஷியில் கடையிலுள்ள மற்ற செடிகளின் பேரெல்லாம் எனக்கு மறந்துபோனதுதான் இதில் நான் கண்ட ஒரே நஷ்டம்.