இருபத்தைந்தாவது படம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரயில்வேயில் முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவன், அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு துணிக்கடை மாடியில் புகைப்படப் போட்டி. ஒரே படத்தில் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத இரண்டு கட்டடங்கள் இருக்க வேண்டும், அதுதான் தலைப்பு. நான் நடுவர்களில் ஒருவன். எடுத்தவர் பெயர் தெரியாது, பின்னால் நம்பர் மட்டும். மார்க் போட்டு முடிக்கும்வரை நடுவர்கள் வாயே திறக்கக் கூடாது. ஸ்ரீரங்கம் கோபுரமும் செல்போன் டவருமாகவே ஏழெட்டு வந்திருந்தன, எரிச்சலாகிவிட்டது. அரியமங்கலத்துத் தகரக் கொட்டகையை ஒட்டி ஒரு பளிங்கு பங்களா, அது பரவாயில்லை.

கடைசிப் படத்தைக் கையில் எடுத்தால், எங்கள் வீடு! காட்டூரில் நானும் என் மனைவி வசந்தாவும் இருக்கிற அதே மாடியில்லாத வீடு, அதே நீலக் கேட். அதை நசுக்குகிற மாதிரி பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம், பிஸ்தா பச்சை. எங்கள் பக்கத்து மனையிலோ கருவேல முள்ளைத் தவிர அப்போது ஒன்றுமில்லை. எவனோ கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன், ஆனால் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. பேசவும் கூடாது. குழப்பத்தோடு, 'செங்குத்துக் கோடுகள் நேர், நிழல் அருமை' என்று எழுதி ஒன்பது மார்க் போட்டேன். எங்கள் வாசற்படியில் எப்போதும் இரண்டு ஜோடி செருப்பு கிடக்கும், படத்தில் ஒரே ஜோடி. படத்துக்கு அழகுதான் என்று நினைத்தேன், பாவி.

மார்க்கைக் கூட்டிய போட்டிச் செயலாளர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தஞ்சாம் நம்பருக்கு மார்க் போட்டிருக்கீங்களே சார், மொத்தமே இருபத்திநாலு படம்தானே வந்துச்சு?"

மேசையில் பரப்பி இரண்டு தடவை எண்ணினோம். இருபத்திநாலுதான், எங்கள் வீட்டுப் படம் அதில் இல்லை. தாளில் என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன், செருப்பை மட்டும் சொல்லவில்லை. "உட்கார்ந்த இடத்துலயே தூங்குற ஆளுதானே நீங்க" என்று சிரித்தாள்.

தை மாசம் பக்கத்து மனையில் பூமி பூஜை போட்டார்கள். இப்போது மூன்று மாடி நிற்கிறது. போன வாரம் மனைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், "என்ன கலருங்க அடிக்கப் போறீங்க?"

"பிஸ்தா கிரீன் சார். டின்னெல்லாம் வந்து இறங்கிடுச்சு."

"வேற கலர் அடிங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்க வீட்டுக்கா சார் அடிக்கிறோம்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்வதற்கென்ன வெட்கம். வசந்தா பால் வாங்கக் கிளம்பினாலும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போகிறேன். "என்னங்க இது, வால் மாதிரி?" என்று திட்டுகிறாள். படியில் இரண்டு ஜோடியும் கிடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. கோடு நேரா, நிழல் சரியா என்று அத்தனையும் பார்த்தவன், அந்தச் செருப்பு அவளுடையதா, என்னுடையதா என்று பார்க்காமல் விட்டுவிட்டேன்.