கவுன்டர் அக்காவின் மூக்கு

கவுன்டர் அக்கா பதினோரு வருடமாக எங்கள் கடையில் முகக்கிரீம் விற்கிறாள். பக்கத்தில் கைப்பை விற்கிறவள் நான். அவள் பேச்சில் மயங்காத வாடிக்கையாளர் கிடையாது. குறை என்று சொன்னால் அந்த மூக்குதான். துடைத்துப் பத்து நிமிடம் ஆகாது, எண்ணெய் வழியும். இரண்டு பக்கமும் தோலில் பொடிப்பொடித் துளைகள் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சுத் தோல் என்று அவளே கிண்டலடித்துக்கொள்வாள்.

போன மாதம் வந்த புது மேனேஜர் அந்தச் சிரிப்புக்கு வேட்டு வைத்தார்.

"திங்கக்கிழமை கிரீம் கம்பெனிக்காரங்க வர்றாங்க. துளைய மறைக்கிற கிரீம் விக்கிறவங்க மூக்கே இப்படி இருந்தா யாரு வாங்குவா? அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா குடோனுக்குப் போங்க."

அக்கா வீட்டில் புருஷன் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான். அவள் நாலு பேரிடம் பேசிச் சிரிப்பது இந்தக் கவுன்டரில் மட்டும்தான். அன்று மாலையே இருவரும் தோல் டாக்டரிடம் ஓடினோம். மனிதர் உள்ளதைச் சொன்னார்.

"துளைய மூட முடியாதும்மா, கொஞ்சம் கொறச்சுக் காட்டலாம். தினம் ரெண்டு வேளை மைல்டான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்க. இந்த ஜெல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் லேசா தடவுங்க. தேய்க்காதீங்க, கிள்ளாதீங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"திங்கக்கிழமைக்குள்ள ஆகாதா டாக்டர்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? வாடிக்கையாளர்கள் தடவிப் பார்க்க வைத்திருந்த சாம்பிள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். ஸ்க்ரப், களிமண் மாஸ்க், ஒட்டி உரிக்கிற பட்டை, சுரீரென்று எரிகிற டோனர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாள்.

"வேணாம்க்கா" என்று கையைப் பிடித்தேன்.

"ஊருக்கே வித்திருக்கேன். எனக்கு மட்டும் வேலை செய்யாதா?"

திங்களன்று மூக்கு சிவந்து வீங்கி, தோல் உரிந்து, நீர் கசிந்தது. எண்ணெய் மட்டும் அப்போதும் நிற்கவில்லை.

எல்லோர் முன்னாலும் மேனேஜர் என்னை அவள் இடத்தில் நிற்கச் சொன்னார்.

"ஆறினதும் என் எடத்துக்கே வந்துரலாமா சார்?" என்றாள் அக்கா.

"பாக்கலாம். யாராவது கேட்டா நம்ம சாமான் போட்டதா மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன் சார்."

அந்த ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே. அக்கா குடோன் பக்கம் நடந்தாள். கம்பெனிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நான் சிரித்த முகமாக நின்றேன்.